மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்: இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா?

கேள்வி: பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போயிருந்த எங்கள் ஐயா, 1960-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது ஒரு ரெக்கார்டு பிளேயரையும் கொண்டுவந்தார். கனமான தேக்குப் பெட்டி. தட்டுக்குப் பக்கத்தில் ‘கெரார்டு 301’ என்று இருக்கிறது. பாலேட்டு நிறம். ஆர்மில் எஸ்.எம்.இ. என்று பொறித்திருக்கிறது, ஊசி உடைந்துவிட்டது. முப்பது வருடமாவது யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். போன மாதம் பிளக்கில் சொருகிப் பார்த்தோம். ‘ம்ம்’ என்று உறுமுகிறது, தட்டு மெதுவாகச் சுற்றுகிறது, கால் மணி நேரத்தில் மோட்டார் சுடுகிறது. உள்ளூர் மெக்கானிக் மோட்டார் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிறார். இங்கிலாந்தில் ஒரு கடையில் விசாரித்தோம். மோட்டார், பேரிங், ஐட்லர் வீல், ஸ்பிரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து, கூரியர் செலவோடு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். வாங்கலாமா? சுங்க வரி எவ்வளவு வரும்? லண்டனில் இருக்கும் என் மச்சான் பொங்கலுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடச் சொல்லலாமா? ஐயாவின் பழைய 78 ரெக்கார்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதையும் இதிலேயே கேட்க முடியுமா?
வாசகர், காரைக்குடி

பதில்:

அந்தக் கடைக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் ஒரு பட்டியல் கேட்டீர்கள், அவர் விலை போட்டுக் கொடுத்தார். ஆனால் இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மோட்டாரைத் தொட்டுப் பார்க்க முடியாது. எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை காரைக்குடியில்தான் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆர்டர் போடுவது, வைத்தியரைப் பார்க்காமல் நேரே மருந்துக்கடைக்குப் போவது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியவை ஒரு ஐட்லர் வீல் (மோட்டாரின் சுற்றைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் விளிம்புச் சக்கரம்), ஒரு பிடி ஸ்க்ரூ, 78 ரெக்கார்டுக்கு ஒரு ஊசி, அனேகமாக அவ்வளவுதான். மற்றதெல்லாம் துடைத்து, எண்ணெய் மாற்றி, இங்கேயே முடிக்கக்கூடிய வேலை.

காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று, எரிந்த மோட்டாருக்கு வேறு லட்சணம். வார்னிஷ் கருகும் வாடை மாடிப்படி இறங்கி வரும், அல்லது ஃபியூஸ் போகும், அல்லது அசைவே இருக்காது. உங்களுடையது உறுமுகிறது, சுற்றுகிறது, சூடாகிறது. சுமை இழுக்க முடியாமல் திணறுகிற மோட்டார்தான் இப்படி நடந்துகொள்ளும். 301-இல் இருப்பது நான்கு துருவ இண்டக்ஷன் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 1500-க்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அதன் தண்டு மேலும் கீழும் புஷ் என்ற வெண்கல வளையங்களில் ஓடுகிறது. உலோகத்தூளை அழுத்திச் செய்த அந்த புஷ்கள் தங்கள் நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும். முப்பது வருடம் ஓடாமல் கிடந்தால் அந்த எண்ணெய் பிசினாகிவிடும். சிவகங்கைச் சீமை வெயிலில் இன்னும் சீக்கிரம். பிசினில் மாட்டிய தண்டைச் சுற்றப் பார்த்து மோட்டார் கரண்டை இழுக்கிறது, இழுத்த கரண்டு சூடாக வெளியே வருகிறது. இதைப் பார்த்துவிட்டு ‘மோட்டார் போச்சு’ என்று சொன்ன மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். மிக்ஸி மோட்டாரும் ஃபேன் மோட்டாரும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் மிக்ஸி மோட்டாரை மாற்றுவது லாபம். இதைக் காப்பாற்றுவதுதான் லாபம்.

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. தட்டை எடுத்துவிடுங்கள். கூம்பு வடிவத் தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும், சட்டென்று வராது. சுத்தியலை, மரச் சுத்தியலைக்கூட, எடுக்காதீர்கள். தண்டின் அடியில் இருக்கும் தாங்குதட்டு அடிவாங்கும். முடி உலர்த்தும் டிரையரால் தட்டின் நடுப்பகுதியைச் சூடாக்கி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பி மேலே தூக்குங்கள். அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும், விட்டுக்கொடுக்கும். தட்டு வந்ததும் ஐட்லர் வீலையும் கழற்றி வையுங்கள். இப்போது மோட்டாருக்குச் சுமை கிடையாது. கரண்டு கொடுத்து ஒரு நிமிடம் ஓட விட்டு, பிளேயரின் நெம்புகோலைத் தொடாமல் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். நெம்புகோலைத் திருப்பினால் மற்ற இயக்கங்களும் கூடவே நகரும், மோட்டாரை மட்டும் பார்க்க முடியாது. நல்ல மோட்டார் நிதானமாக ஓடி ஓடி நிற்கும். டக்கென்று நின்றால் புஷ்ஷில் பிசின் இருக்கிறது, ஒன்றரை லட்சம் மிச்சம்.

ஓட விடுவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, மோட்டார் டெர்மினல். இந்த மோட்டாரின் காயில் இரண்டு பகுதியாக இருக்கும். சின்ன உலோகப் பட்டைகளால் அவற்றைத் தொடராக இணைத்தால் 200 முதல் 250 வோல்ட், இணையாக இணைத்தால் 100 முதல் 130 வோல்ட். பினாங்கில் ஓடிய கருவி என்பதால் தொடர் இணைப்பில்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நடுவில் யார் யார் கை வைத்தார்களோ தெரியாது, கண்ணால் பார்த்துவிடுங்கள். குறைந்த வோல்ட் இணைப்பில் 230-ஐக் கொடுத்தால் அப்புறம் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். இணைப்பைக் கழற்றி, இரண்டு பகுதியின் ஓம் மதிப்பையும் மல்டிமீட்டரில் தனித்தனியாக எடுங்கள். ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் காயில் நலம். மெக்கர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் கிடைத்தால் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று 500 வோல்ட்டில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வயர். அறுபது வருடத்து ரப்பர் வயர் மடக்கினால் உதிரும். மூன்று கம்பி வயரும் மூன்று பின் பிளக்கும் போட்டு, எர்த்தை மோட்டார் உடம்போடு சேருங்கள். ரெக்கார்டை வைக்கும்போது கை உலோகத்தில் படுகிற கருவி இது, எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. சுவிட்சுக்குக் குறுக்கே தீப்பொறியை அடக்க ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள் ஒருநாள் ஷார்ட் ஆகாமல் விடாது. அதே மதிப்பில் ‘எக்ஸ்2’ என்று முத்திரை உள்ளதைச் சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்கு வாங்கலாம். சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டுவிடாதீர்கள். இவ்வளவும் முடிந்தபின் முதல் தடவை நேரடியாகச் சொருகாமல் 60 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். மங்கலாக எரிந்தால் சீரிஸை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கலாம்.

மோட்டாரைப் பிரிப்பது பொறுமை வேலை, திறமை அப்புறம்தான். அது ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. எந்த ஸ்பிரிங் எந்த மூலையில் இருந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் மோட்டார் சாய்ந்து தொங்கும், அதன் அதிர்வு ஸ்பீக்கரில் கேட்கும். புஷ்களையும் எண்ணெய் வைத்திருக்கும் ஃபெல்ட்டுகளையும் பெயின்ட் கடை டர்பன்டைனில் ஊறவைத்து, பிசின் போகும்வரை துடையுங்கள். காய்ந்தபின் லேசாகச் சூடாக்கிய டர்பைன் ஆயிலில் ஒரு இரவு முழுக மூழ்கவிடுங்கள். காற்றுக்குமிழ் வருவது நின்றால் எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பைக் இன்ஜின் ஆயில் வேண்டாம், அதில் கலந்திருக்கும் சரக்கெல்லாம் இதற்கு ஆகாது. துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயே அல்ல, இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டுப் போய்விடும். தேங்காய் எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் மேஜைக்கு வரும் பழைய கருவிகளில் பாதியைக் கெடுத்தது காலமல்ல, யாரோ அக்கறையோடு விட்ட நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய்தான்.

ஒருவேளை சோதனையில் ஒரு காயில் மட்டும் ஓம் குறைவாகக் காட்டினால், அப்போதும் லண்டனுக்குப் போகாதீர்கள். காயில் கட்டும் கடை உங்கள் ஊரிலேயே இருக்கும். பழைய சுற்று எண்ணிக்கையையும் கம்பியின் கேஜையும் எண்ணி எழுதிக்கொண்டு அப்படியே கட்டச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் தடித்த கம்பி போட்டுவிட்டேன் சார், பவர் கூடும்’ என்று அவர் ஆரம்பித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தட்டைத் தாங்கும் பெரிய பேரிங்குக்கு வருவோம். 301-இல் இரண்டு வகை உண்டு. 1954-இல் விற்பனைக்கு வந்த முதல் வரிசையில் கிரீஸ் போட்ட பேரிங். 1950-களின் பிற்பகுதியில் எண்ணெய் பேரிங்குக்கு மாறினார்கள். சாம்பல் நிறம் என்றால் கிரீஸ், பாலேட்டு நிறம் என்றால் எண்ணெய் என்று விற்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நிறத்தை நம்பி ஆர்டர் போடாதீர்கள், அடியில் பாருங்கள். கிரீஸ் வகையில் கிரீஸை உள்ளே அழுத்த ஒரு திருகுமூடி இருக்கும். எந்த வகையோ அதையே போட வேண்டும். கிரீஸ் பேரிங்கில் எண்ணெய் விட்டால் ஒழுகிப்போய்த் தண்டு உலர்ந்து தேயும். கிரீஸை மாற்றும்போது பழசை மிச்சம் மீதி இல்லாமல் வழித்து எடுத்துவிட வேண்டும், இரண்டு வகைக் கிரீஸ் கலந்தால் சில சமயம் மெழுகாக இறுகிவிடும். சுத்தம் செய்தபின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால் பேரிங் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். உங்கள் பட்டியலில் இருக்கும் ‘மேம்படுத்திய பேரிங்’ நாலு மடங்கு விலைக்கு ஒரு விளம்பர வாசகம். அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெரார்டு பற்றி ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலேய அரச குடும்பத்துக்கு நகை செய்த கடையின் பெயர் அது. முதல் உலகப்போர் நேரத்தில், 1915-இல், பீரங்கிகளுக்குத் தூரம் அளக்கும் கருவி செய்ய அந்தக் கடை ஒரு பொறியியல் கம்பெனி தொடங்கியது. போர் முடிந்தபின் ஸ்விண்டன் நகரில் கிராமபோன் மோட்டார் செய்ய ஆரம்பித்தது. 1960-இல் பிளெஸ்ஸி நிறுவனத்துக்கும், 1979-இல் பிரேசில் நாட்டு கிரேடியெண்டேவுக்கும் கைமாறியது. இன்றைக்கு அந்தப் பெயர் எஸ்.எம்.இ. கம்பெனியோடு ஒரே குடையின் கீழ் இருக்கிறது. அந்தக் குடை நம் புனேயில் வேர் உள்ள கேடன்ஸ் குழுமத்துடையது. எஸ்.எம்.இ.யை 2016-இலும் கெரார்டு பெயரை 2018-இலும் வாங்கினார்கள். உங்கள் ஐயாவின் ஆர்மும் மோட்டாரும் அந்த நாளில் இரண்டு வேறு கம்பெனிப் பொருள்கள். 301-ஐ ஆர்ம் இல்லாமல்தான் விற்றார்கள், வாங்குபவர் தனக்குப் பிடித்த ஆர்மைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வார். எஸ்.எம்.இ. ஆர்ம் 1959-இல்தான் சந்தைக்கு வந்தது. வந்த சில வருடத்திலேயே அதைத் தேடி வாங்கியிருக்கிறார் என்றால் உங்கள் ஐயா விஷயம் தெரிந்தவர்.

ஐட்லர் வீல் மட்டும் வேறு கதை. மோட்டார் தண்டில் மூன்று படி கொண்ட ஒரு புல்லி இருக்கும். ரப்பர் விளிம்பு கொண்ட ஐட்லர் அந்தப் புல்லிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே அழுந்தி, ஒன்றின் சுற்றை மற்றதற்குக் கடத்துகிறது. ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் வழுக்கும். ஒரு இடத்தில் குழி விழுந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொப் டொப்’ என்று கேட்கும். முதலில் விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். பெட்ரோலும் தின்னரும் ரப்பரைத் தின்றுவிடும். உப்புத்தாளால் தேய்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கையால் தேய்த்தால் வட்டம் வட்டமாக இருக்காது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் புதியதுதான்.

‘கோயம்புத்தூரில் ரப்பர் கட்டித்தர மாட்டார்களா?’ என்று கேட்பீர்கள். மில் ரோலருக்கு ரப்பர் கட்டும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், கட்டியும் தருவார்கள். ஆனால் ரப்பர் எவ்வளவு மென்மை, விளிம்பு எவ்வளவு துல்லியமான வட்டம் என்ற இரண்டும் ஒன்றாக அமைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் வீணை நாதம் அலைபாயும். ஒரே ஒரு வீலுக்காக அவர்கள் அச்சு எடுத்துக்கொண்டிருக்க முடியாது. லேத்தில் கடையும் புஷ், வாஷர், தண்டு இவற்றுக்கெல்லாம் கோவையை மிஞ்ச ஆள் இல்லை. ஐட்லரை மட்டும் 301-க்கென்றே செய்து விற்கும் இங்கிலாந்துக் கடைகளிடம் வாங்குங்கள்.

ஸ்க்ரூவைப் பற்றிச் சொன்னேனே. அந்தக் காலத்து ஆங்கிலக் கருவிகளில் இருப்பவை பி.ஏ. மரை என்ற பழைய அளவு. நம் ஹார்டுவேர் கடையில் கிடைப்பவை மில்லிமீட்டர் மரை. 2 பி.ஏ. ஸ்க்ரூ 4.7 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 0.81 மி.மீ. நம்முடைய எம்5 ஸ்க்ரூ 5 மி.மீ., 0.8. பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும், மூன்றாவது சுற்றில் வார்ப்பு உடம்பின் மரையைத் தின்றுவிடும். ஸ்க்ரூ காணாமல் போயிருந்தால் எத்தனை என்று எண்ணி, ஐட்லரோடு சேர்த்து ஆர்டர் போடுங்கள். எடையும் விலையும் ஒன்றுமே இல்லை.

எழுதிக் கேட்கும்போது விற்பவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: உங்கள் கருவியின் வரிசை எண், பேரிங் கிரீஸா எண்ணெயா, கரண்டு 50 ஹெர்ட்ஸ். மூன்றாவது புல்லிக்காக. அமெரிக்காவில் ஓடிய கருவியில் 60 ஹெர்ட்ஸ் புல்லி இருக்கும். அதை இங்கே போட்டால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய ரெக்கார்டு 27.8-இல் ஓடும், பாடகி பாடகராகிவிடுவார். அமெரிக்காவிலிருந்து பழைய டர்ன்டேபிள் கொண்டுவரும் மற்ற வாசகர்களுக்கும் இது பொருந்தும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது.

இப்போது சுங்கம். வரி விகிதத்தை நான் இங்கே எழுதினால் அடுத்த பட்ஜெட்டில் பழசாகிவிடும், வாங்கும் வாரத்தில் சுங்கத் துறையின் இணையதளத்தில் பாருங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது. பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் இன்ஷூரன்ஸையும் கூட்டி, அந்தத் தொகை மீது சுங்க வரி, அந்தக் கூட்டுத்தொகை மீது ஜி.எஸ்.டி. அதனால் இருபது பவுண்டு பொருளுக்கு நாற்பது பவுண்டு கூரியர் என்றால், அந்தக் கூரியர் காசுக்கும் நீங்கள் வரி கட்டுகிறீர்கள். சின்னச் சாமானுக்கு அவசரக் கூரியர் வேண்டாம், டிராக்கிங் உள்ள சாதாரணத் தபால் போதும். கூரியரில் வந்தால் ஆதாரோ பான் கார்டோ கேட்டுச் செய்தி வரும். உடனே அனுப்புங்கள், தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். கூரியர்காரர்கள் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு என்று தனியாக ஒரு கட்டணமும் போடுவார்கள்.

‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பட்டுமா?’ என்று விற்பவர் கேட்கலாம், ஏதோ உதவி செய்வதுபோல. வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பரிசாக வரும் பார்சலுக்கு இருந்த வரிச்சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அதே ரகம். பார்சல் தொலைந்தால் எழுதிய விலைதான் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பதிலாக விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் அங்கே வாட் வரி கட்டும் வியாபாரியாக இருந்தால், ஏற்றுமதிக்கு அந்த 20 சதவீதத்தைக் கழித்துத்தர முடியுமா என்று. நேர்மையாகக் கிடைக்கும் தள்ளுபடி இருக்கும்போது பொய்க்கணக்கு எதற்கு? பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அந்நிய நாணயத்துக்கென்று வங்கி இரண்டு மூன்று சதவீதம் பிடித்தாலும், பொருள் வராவிட்டால் புகார் செய்ய வழி இருக்கும்.

இணையத்தில் பழைய 301 மோட்டாரோ பழைய பேரிங்கோ மலிவாகத் தென்படும். கை துறுதுறுக்கும், ஆனால் பொறுங்கள். பயன்படுத்திய பொருள்களை அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்ய நம் வர்த்தகக் கொள்கை கட்டுப்பாடு விதித்திருக்கிறது. சுங்கத்தில் பிடித்து வைத்தால் விடுவிக்கும் அலைச்சலுக்குப் பொருளின் விலை பெறாது. புதிதாகச் செய்த உதிரிப்பாகம் மட்டும் வாங்குங்கள், பில்லில் ‘புதியது, டர்ன்டேபிள் பாகம்’ என்று எழுதச் சொல்லுங்கள். எண்ணெய், கிரீஸ், ஸ்பிரே எதையும் பார்சலில் சேர்க்க வேண்டாம். விமானத்தில் தடை வரும், கூட வரும் ஐட்லரும் மாட்டிக்கொள்ளும்.

மச்சான் கொண்டுவருவது நல்ல யோசனை. அங்கேயே அவர் முகவரிக்கு வரவழைத்து, பில்லோடு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வரிவிலக்கு வரம்புக்குள் ஐட்லரும் ஸ்க்ரூவும் ஊசியும் அடங்கிவிடும். ஆனால் அவர் பெட்டியில் ஏற்கெனவே என்னென்ன சாமான் ஏறியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பொங்கலுக்கு வருபவர் வெறுங்கையோடு வரமாட்டார்.

முழுக் கருவியையும் இங்கிலாந்துக்கே அனுப்பிப் பழுதுபார்த்து வாங்கலாமா என்று வேறொரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். ஏற்றுமதி ஆவணம் முறையாக இருந்தால், திரும்பி வரும்போது பழுதுபார்த்த செலவுக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் வரி கட்டும் வழி சட்டத்தில் உண்டு. ஆனால் இவ்வளவு கனமான வார்ப்பை இரண்டு தடவை விமானத்தில் ஏற்றி இறக்கி, உடையாமல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும் காசில் இங்கே எல்லா வேலையும் முடிந்துவிடும்.

பெயின்ட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஈரத்துணியில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு போட்டு மெதுவாகத் துடைத்தால் போதும், எழுத்துகள் மேல் அழுத்தாதீர்கள். முதல் பூச்சு அப்படியே இருக்கும் 301-க்குத்தான் மதிப்பு. உலோகப் பாகத்துக்கு முலாம் பூசுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கும் ஊர்க்காரர் என்பதால் யாராவது கிளப்பிவிடுவார்கள், அதையும் தவிருங்கள். தேக்குப் பெட்டி ஆட்டம் கண்டிருந்தால் உங்கள் ஊர் ஆசாரியைவிட நல்ல ஆள் உலகத்தில் கிடைக்க மாட்டார். இழைத்து மெலிதாக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கனம்தான் அதன் வேலையே.

ஆர்ம் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். எஸ்.எம்.இ. ஆர்மின் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லைத் திருகிக் கழற்றலாம். அந்த இணைப்பு முறையே பிறகு மற்ற கம்பெனிகளுக்கும் வழக்கமாகிவிட்டதால் ஹெட்ஷெல் எளிதாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி ஒன்றை எல்.பி.க்கும் மற்றதை 78-க்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் தாங்கியிருக்கும் கத்திமுனைக்கு எண்ணெய் விடக் கூடாது, அது உலர்ந்துதான் இருக்க வேண்டும்.

78-ஐ எல்.பி. ஊசியால் ஓட்டாதீர்கள். எல்.பி. ஊசிமுனையின் ஆரம் 18 மைக்ரான் அளவு, 78-இன் பள்ளத்துக்கு 76 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகும். ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் எல்.பி. கார்ட்ரிட்ஜ் (ஊசியைச் சொருகும் பாகம்) இந்தியாவிலேயே கிடைக்கிறது. அதே உடம்பில் மாற்றிச் சொருக 78 ஊசி தனியாக உண்டு, அதை ஐட்லரோடு சேர்த்து வரவழைக்கலாம். உடைந்த ஊசி ஷூர் கார்ட்ரிட்ஜுடையது என்றால் தூக்கி எறியாதீர்கள். ஷூர் 2018-இல் ஊசி, கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் ஜப்பானில் ஜிக்கோ என்ற பழைய ஊசித் தொழிற்சாலை அவற்றில் பல மாடல்களுக்கு இன்னமும் மாற்று ஊசி செய்கிறது. கார்ட்ரிட்ஜின் முன்பக்க எழுத்தைப் படம் எடுத்து விற்பவரிடம் காட்டினால் போதும்.

பெட்டியில் இருக்கும் 78-களைக் கழுவும்போது ஒரு எச்சரிக்கை. ஐட்லருக்குச் சொன்ன ஆல்கஹாலை அவற்றின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அரக்கு கலந்து செய்த தட்டுகள் அவை, ஆல்கஹாலில் அரக்குக் கரைந்து பாட்டோடு போய்விடும். சுத்தமான தண்ணீர், மென்மையான பிரஷ், நிழலில் உலர்த்தல். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக் கூடாது.

எல்லாம் பூட்டியபின் வேகத்தைச் சரிபார்க்க 180 கோடு கொண்ட ஸ்ட்ரோப் தாள் ஒன்றைத் தட்டில் வைத்து, நியான் இண்டிகேட்டர் பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள். எல்.ஈ.டி. பல்பில் தெரியாது, அவற்றில் பல விட்டுவிட்டு எரிவதில்லை. 33⅓-இல் கோடுகள் நின்றதுபோல் இருந்தால் வேகம் சரி. மெல்ல நகர்ந்தால் வேகக் குமிழைத் திருப்புங்கள். உள்ளே ஒரு காந்தம் மோட்டார் தண்டோடு சுற்றும் அலுமினியத் தகட்டை லேசாகப் பிடித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. குமிழ் எல்லைவரை போயும் கோடு நிற்காவிட்டால் புஷ்ஷில் இன்னும் பிசின் மிச்சம் இருக்கிறது, மறுபடி பிரித்துத் துடைக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறியபின் பாருங்கள், போட்டவுடன் பார்த்தால் தவறாகக் காட்டும்.

மோட்டார் சோதனையை முடித்துவிட்டு இரண்டு காயிலின் ஓம் மதிப்பையும், பேரிங்கை அடியிலிருந்து எடுத்த படத்தையும், ஐட்லர் விளிம்பின் படத்தையும் அனுப்புங்கள். எதை ஆர்டர் போடலாம் என்று அப்போது பெயரோடு எழுதுகிறேன். மச்சான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னதாக அனுப்பினால் அவர் கையில் சாமான் வந்துசேர நேரம் இருக்கும்.